தோட்டத்துப் பிள்ளைகளின் உயரம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவுக்குத் தாய்மாரின் அறியாமையே காரணம் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2016 சுகாதார ஆய்வின்படி, இலங்கைத் தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நகரங்களில் 14.7தான். இரு பக்கமும் அரசு மருத்துவம் இலவசம். அப்புறம் ஏன் இந்த இடைவெளி?

காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், குடிக்க வெறுந்தேநீர். முட்டையும் மீனும் சம்பளம் வந்தால்தான். குறித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். கர்ப்பிணியும் அந்த ரொட்டியோடுதான் மலை ஏறுகிறாள். இரத்தசோகையோடு அவள் பெறும் பிள்ளை பல வேளை எடை குறைந்து பிறக்கிறது. என்ன சாப்பிட வேண்டும் என்பது அந்தத் தாய்க்கு நன்றாகத் தெரியும், வாங்கத்தான் காசில்லை. 2022இல் மா விலை ஏறியபோது அந்த ரொட்டியும் சுருங்கியது.