ஜன்னலுக்குத் திரை வாங்கியாச்சா?

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். சினிமாவில் உதவி இயக்குநராகச் சேர வேண்டும் என்று இந்த நகரத்துக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறதாம். கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, ரூம் எங்க பார்க்கட்டும்? ஸ்டுடியோ பக்கமா, இல்ல தள்ளியா?"

ஸ்டுடியோ பக்கம் என்றால், ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிற அறையில் ஆறாவது ஆளாகப் போகலாம். ஐந்து பேருமே சினிமாவில் முயற்சி செய்கிறவர்கள். தள்ளி என்றால் சின்னதாக ஒரு தனி அறை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் சினிமாவோடு சம்பந்தம் கிடையாது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. அவனுக்கு எழுத உட்கார்ந்து, நீளமாகிப் போனதால் இங்கேயே போடுகிறேன்.

நானும் ஆறாவது ஆளாகத்தான் வந்தேன். கடைசியாக வந்தவனுக்கு ஜன்னலோரம். காற்று வரும், கூடவே தெருவிளக்கும் நேராகக் கண்ணில் அடிக்கும். "ஒரு திரை வாங்கி மாட்டுடா" என்றான் பக்கத்தில் படுத்திருந்தவன். "எதுக்கு வெட்டிச் செலவு? ரெண்டு மாசத்துல ஒரு படத்துல சேர்ந்துட்டா வேற ரூம் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி மேல் ஒரு செய்தித்தாளை ஒட்டினேன். படுத்தபடியே படிக்கலாம். தேதி, வானிலை, கீழே காணவில்லை என்று ஒரு விளம்பரம். அந்தத் தாள் மஞ்சளாகி, ஓரமெல்லாம் சுருண்டு, தேதி மட்டும் அழியாமல் இரண்டு வருடம் அங்கேயே இருந்தது. காணாமல் போனவர் கிடைத்தாரா என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன்.

திரை மட்டும் இல்லை. வாளி இரவல், தலையணை இரவல், முகம் பார்க்கிற கண்ணாடி முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது. பெட்டியிலிருந்து துணியை எடுப்பேன், துவைத்து மறுபடி பெட்டிக்குள்ளேயே வைப்பேன். வந்தேனே தவிர, குடிவரவில்லை.

அந்த அறையைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். என் முதல் வேலை அங்கேதான் கிடைத்தது. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவனுக்குப் போன். ஒரு படத்தில் உதவியாளர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, காலை நாலு மணிக்கு ஸ்பாட்டில் ஆள் வேண்டும். அவன் போனை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினான், அங்கே நான் படுத்திருந்தேன். அவ்வளவுதான் என் 'அறிமுகம்'. திறமையை யாரும் பார்க்கவில்லை, பாய் பக்கத்தில் இருந்தது. இந்தத் தொழிலில் ஆரம்ப வேலைகள் விளம்பரம் போட்டு வருவதில்லை. சட்டென்று யார் ஞாபகத்துக்கு வருகிறார்களோ, யாரால் உடனே வர முடியுமோ, அவர்களுக்குப் போகும். இதை மறைத்துவிட்டு "தள்ளி இரு" என்று உபதேசம் செய்தால் அது பொய்.

ஆனால் ஆறேழு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் புதிதாக ஒரு வார்த்தை பேசப்படவில்லை. யார் படம் தொடங்கியது, யார் படம் நின்றது, யார் யாரிடம் கதை சொன்னான், யார் கதையை யார் சுட்டார். நல்ல செய்தி வந்தால் ஐந்து பேர் கை குலுக்குவோம், பிறகு ஐந்து பேரும் தூங்க மாட்டோம். ஒருவன் எழுதும் கதையில் வருகிறவனும் கதை எழுதிக்கொண்டிருப்பான், கதை சொல்லப் போவான், அவமானப்படுவான். அறையைத் தாண்டி எங்களுக்கு வேறு எதுவுமே தெரியாது, பாவம்.

இது எனக்கு உறைத்தது ஒரு மாடிப்படியால். லொக்கேஷன் பார்க்கிற நேரம். இயக்குநர் சொன்னார்: "பழைய வீட்டு மாடிப்படி வேணும். வளைஞ்சு போகணும், மேலேருந்து வெளிச்சம் விழணும், கீழ ரெண்டு சைக்கிள் நிக்கணும். எங்க இருக்கு?" நாங்கள் நான்கு உதவியாளர்கள். நான்கு பேரும் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தோம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "சார், நான் முன்னாடி ஸ்கூல் பசங்களை இறக்கிவிடுற வேலை பார்த்தேன், அந்தத் தெருவுல ஒண்ணு இருக்கு" என்றார். போய்ப் பார்த்தோம். சைக்கிள் உட்பட எல்லாம் இருந்தது. என் அறையிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு வருடமாக அந்தத் தெருமுனையில்தான் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் வேலை கன்டினியூட்டி பார்ப்பது. கதாநாயகன் இடது கைச் சட்டையை மூன்று மடிப்பு மடித்திருந்தாரா இரண்டா, கோப்பையில் தண்ணீர் எவ்வளவு, கதவு எத்தனை விரல்கடை திறந்திருந்தது என்று எல்லாம் நோட்டில் இருக்கும். படத்தை வரிசையாக எடுப்பதில்லை அல்லவா, படியேறுவதை இன்று எடுத்து, மேலே போய்ச் சேருவதை இருபது நாள் கழித்து எடுப்போம். அதனால் சட்டை மடிப்பு முக்கியம். அதே நான், எதிர் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று தபால்காரர் கேட்டபோது முழித்தேன்.

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920 வாக்கில் ஒரு சோதனை செய்தார். மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் ஒரு ஆணையும் பெண்ணையும் நடக்கவிட்டு எடுத்தார். இருவரும் சந்தித்து எதையோ பார்க்கிறார்கள். அங்கே அமெரிக்கப் படம் ஒன்றிலிருந்து வெட்டிய வெள்ளை மாளிகையை ஒட்டினார். அடுத்த ஷாட்டில் இருவரும் படியேறுகிறார்கள், அது மாஸ்கோவில் ஒரு தேவாலயத்தின் படி. பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே ஊராகத் தெரிந்தது. இதைப் படித்தபோது மற்றவர்கள் எடிட்டிங்கின் மகிமையை வியந்தார்கள், நான் என் நிலைமையை நினைத்துச் சிரித்தேன். என் நகரமும் அப்படித்தான் இருந்தது. அறை, கட், ஸ்பாட், கட், டப்பிங் தியேட்டர், கட், அறை. நடுவில் இருக்கிற தெருக்கள் எதுவும் என் படத்தில் இல்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வேலை இல்லாத நாளில், போகாத தெரு ஒன்றில் நடப்பது. நோட்டில் எழுதுவது. எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எந்த வீட்டில் மாடி காலி, எந்தச் சந்தில் ஜெனரேட்டர் வண்டி நுழையாது. நம் தொழிலே வெளிச்சத்தின் பின்னால் ஓடுகிற தொழில்தான். எடிசனின் கம்பெனி 1893-இல் கட்டிய படப்பிடிப்புக் கொட்டகை, வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தில் சுற்றித் திரும்புமாம். நமக்குத் திரும்ப இரண்டு கால் இருக்கிறது. ஒரு வருடத்தில் லொக்கேஷன் என்றால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கதை எழுதும்போதும் ஆட்கள் வந்தார்கள், சினிமாக்காரன் அல்லாத ஆட்கள்.

இன்னொரு வேலை பார்ப்பதைப் பற்றி. இதில் எனக்குக் கோபமே உண்டு. "பட்டினி கிடந்தாத்தான் படம் எடுக்க முடியும்" என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஜெயித்தவர்கள். பட்டினி கிடந்து திரும்பிப் போனவருக்கு யார் மைக் கொடுத்தார்கள்? படப்பிடிப்பு என்பது ஒரு நாளைக்குத் திரைக்கதையில் இரண்டு மூன்று பக்கம் எடுத்தாலே நல்ல வேகம் என்கிற தொழில். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் வாடகை நிற்காது. வீட்டுக்காரருக்குச் சம்பளச் சீட்டு வேண்டும், "ஷெட்யூல் தள்ளிப்போச்சு சார்" என்பது அவருக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். நான் கல்யாண வீடியோ எடிட் செய்தேன். சப்டைட்டில் போட்டேன். சப்டைட்டில் போட்டதில்தான் வசனத்தை எவ்வளவு சுருக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் அறையில் மற்றவர்களிடம் சொல்லாமல் மறைத்தேன், ஏதோ தப்புச் செய்கிறவன் மாதிரி. அந்த வெட்கம்தான் தேவையில்லாதது.

இங்கே ஒரு திருத்தம். இந்தப் பதிவின் முதல் வடிவத்தை உடை அலங்காரத்தில் உதவியாளராக இருக்கும் தோழிக்கு அனுப்பினேன். படித்துவிட்டு ஒரே வரி அனுப்பினார்: "ராத்திரி ஒரு மணிக்கு ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் சொன்னா உங்க தள்ளியிருக்கிற ரூமுக்கு நான் எப்படிப் போறது?" பதில் இல்லை என்னிடம். தள்ளி இரு, தெருத்தெருவாக நட என்பதெல்லாம் ஆண்பிள்ளை அறிவுரை. அவர் முதல் மூன்று வருடம் வீடு பார்த்த விதமே வேறு. பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை விளக்கு இருக்கிறதா, கீழ் வீட்டில் யாராவது விழித்திருப்பார்களா, யூனிட் வண்டி அந்த வழியாகப் போகுமா. வாடகையெல்லாம் அப்புறம்தான். புதிதாக வருகிற பெண்கள் என் பேச்சைக் கேட்காதீர்கள், அவர் சொன்னதைக் கேளுங்கள். ராத்திரி வண்டி கொடுப்பீர்களா என்று வேலை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடச் சொல்கிறார்.

ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு தம்பி. வேலை கொடுக்கிறவன் பணம் கொடுப்பான், வாங்க மாட்டான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

அப்புறம், போனை வைக்கும் முன் அவன் ஒன்று சொன்னான். ஒரு அலுவலக வாசல் வரை இரண்டு தடவை போய்விட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டானாம். "எனக்கு இது செட் ஆகாதோ அண்ணா?" என்றான். சாப்ளின் 1913 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் கீஸ்டோன் ஸ்டுடியோவில் சேரப் போனார். வயது இருபத்து நான்கு. மேடையில் பெயர் எடுத்தவர், ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. வாசலில் நடிகர் கூட்டத்தைப் பார்த்ததும் கூச்சம் வந்து திரும்பிவிட்டார். இரண்டு நாள் இப்படியே வாசல் வரை போய்த் திரும்பினார். மூன்றாம் நாள் முதலாளியே போன் செய்து "ஏன் வரவில்லை?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே போனார். இதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நமக்குப் போன் வராது, அது வேறு விஷயம். ஆனால் கூச்சத்துக்கும் திறமைக்கும் சம்பந்தம் இல்லை.

மொழி பயமும் அவனுக்கு இருக்கிறது, இங்கே பேசுகிற வேகம் பிடிபடவில்லையாம். ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டர், ஹிட்லர் வந்ததும் 1933-இல் பெர்லினை விட்டு ஓடி, அடுத்த வருடம் ஹாலிவுட் சேர்ந்தபோது ஆங்கிலம் அரைகுறை. ரேடியோவைக் கேட்டுக் கேட்டே பழகினார். அப்புறம் அதே ஆங்கிலத்தில் வசனம் எழுதி ஆஸ்கர் வாங்கினார். இவனுக்கு ரேடியோகூடத் தேவையில்லை, வாசலில் நின்று நாலு பேரிடம் பேசினால் போதும்.

சரி, ரூம். முதல் ஆறு மாதம் ஸ்டுடியோ பக்கம் இரு, ஆறாவது ஆளாக. முகம் தெரியட்டும். அதற்குள் ஒரு வேலை, எந்த வேலையானாலும் சரி, தேடிக்கொள். பிறகு தள்ளிப் போ, ஆனால் நாலு மணி ஸ்பாட்டுக்கு வந்து சேர முடிகிற தூரம்.

இதை நேற்று ராத்திரி அவனிடம் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். ஏற்கெனவே அந்த ஐந்து பேர் அறைக்குப் போய்விட்டான். வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்டினான். ஜன்னலோரம்தான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

"நீ ஒட்டினதா?" என்றேன்.

"இல்லண்ணா, முன்னாடி இருந்தவர் ஒட்டினது" என்றான்.

தேதியைப் படிக்கச் சொல்லவில்லை.