முந்நூறு ரூபாய்க் கேனும் "கொள்ளைக்காரப்" பெயிண்டரும்

அந்தக் காணொளியை நானும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். கம்பெனிப் பாகமாக இல்லாமல் வெளிச்சந்தையில் வாங்கிய கார் பம்பரை மொட்டை மாடியில் இரண்டு நாற்காலிகள்மீது கிடத்தி, முந்நூறு ரூபாய் ஸ்ப்ரே கேனால் பளபளவென்று ஆக்கிக் காட்டுகிறார் அந்தத் தம்பி. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பம்பரும் அவருடையது, மாடியும் அவருடையது. ஆனால் முடிவில் கேமராவைப் பார்த்து, "இதுக்குத்தான் பட்டறைக்காரன் ஐயாயிரம் கேட்டுக் கொள்ளையடிக்கிறான்" என்றாரே, அந்த ஒரு வரிக்காகவே, பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் நான் இதை எழுதுகிறேன். அதன்கீழ் சிரிப்புக்குறி இட்டவர்களில் எங்கள் பட்டறையில் வண்டி விட்டு எடுத்துப் போனவர்களும் இருக்கிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

நீங்கள் பட்டறையில் கொடுக்கும் பணத்தில் பெயிண்டுக்குப் போவது சிறு பங்குதான். இதை நான் சொன்னால், தன் தொழிலுக்குப் பரிந்து பேசுகிறான் என்பீர்கள். காப்பீட்டுக்காரர்கள் சொன்னால் கேட்பீர்கள் அல்லவா? நம் நாட்டு வாகனக் காப்பீட்டில் பெயிண்ட் வேலைக்கு மொத்தமாக ஒரே தொகையில் பில் வந்தால், அதில் 25 சதவீதத்தை மட்டுமே பொருளின் விலையாக வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியின்மீது மட்டும் 50 சதவீதம் தேய்மானம் கழிக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக் கொடுக்கிறவர்களே, பில்லில் முக்கால் பங்கு கூலி என்று ஒப்புக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். மாடியில் நின்று பேசுகிறவருக்கு அந்த முக்கால் பங்கு கண்ணில் படவில்லை.

அந்த முக்கால் பங்கில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ உள்ள உதிரிபாகக் கடைகளில் நீங்கள் பேரம் பேசி வாங்கி வரும் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். நம்பிக்கை இல்லாதவர்கள் பம்பரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், PP என்று எழுத்தே அச்சிட்டிருக்கும். அந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் இயல்பாக ஒட்டாது. போதாக்குறைக்கு, அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசிய பொருளின் மிச்சமும் அதன்மேல் இருக்கும். அதைக் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும், பிறகு பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சை மெல்லிதாக அடிக்க வேண்டும். இதில் ஒன்றைத் தாண்டினாலும் முதல் வாரத்தில் எதுவும் தெரியாது. ஒருநாள் வாட்டர் சர்வீஸில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும்போது ஓரத்தில் தோல் உரியும், அங்கிருந்து தகடு தகடாகக் கையோடு வரும்.

"என்னுடையது பிரைமர் அடித்தே வந்தது" என்பவர்களுக்கு ஒரு சோதனை. பின்பக்க ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில், தின்னர் நனைத்த துணியால் அந்தச் சாம்பல் பூச்சைத் தேய்த்துப் பாருங்கள். துணியோடு வந்துவிட்டால் அதன்மேல் எதை அடித்தாலும் நிற்காது, முழுவதையும் எடுத்தாக வேண்டும். சக்கரத்துக்கு மேலே வரும் தகர ஃபெண்டரின் கருப்புப் பூச்சுக்கும் இதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பெயிண்ட் அடிப்பதற்கு முன் அந்தப் பாகத்தை வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். வெளிச்சந்தைப் பாகம் சொன்னபடி உட்காராது. ஹெட்லைட் ஓரத்தில் இடைவெளி விழும், கிளிப் துளை தள்ளி நிற்கும், சூடேற்றி வளைத்து, அறுத்து, ராவி உட்கார வைக்க வேண்டும். காணொளித் தம்பி முதலில் பெயிண்ட் அடித்தார், பிறகு மாட்டினார். மாட்டும் காட்சியை வெட்டிவிட்டார். ஏன் வெட்டினார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது நிறம். சாதா வெள்ளை என்றால் ஓரளவு தப்பிக்கலாம். சில்வர், சாம்பல், பேர்ல் வகைகளில் பெயிண்டுக்குள் இருக்கும் நுண்துகள்கள் எந்தத் திசையில் படிகின்றன என்பதைப் பொறுத்தே நிறம் தெரியும். ஒரே டப்பாவிலிருந்து எடுத்து, ஈரமாக அடித்தால் கருத்தும் வறட்சியாக அடித்தால் வெளுத்தும் வரும். காற்றின் அழுத்தம், ஸ்ப்ரே கன்னுக்கும் பாகத்துக்கும் உள்ள தூரம், கை போகும் வேகம் எல்லாமே நிறத்தைத் தீர்மானிக்கின்றன. கேனில் இவற்றில் பாதி உங்கள் கையில் இல்லை. "பட்டறையிலும் நிறம் சேரவில்லையே" என்று கேட்பவர்கள், ஷோரூமில் நிற்கும் புது சில்வர் வண்டியை வெயிலுக்குக் கொண்டுவந்து பம்பரையும் ஃபெண்டரையும் சேர்த்துப் பார்க்கட்டும். தகர உடலுக்குக் கொடுக்கும் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது என்பதால் பம்பர் பெரும்பாலும் தனியாகத்தான் பெயிண்ட் ஆகிறது; ஆகவே அங்கேயே இலேசான வேறுபாடு இருக்கும். கம்பெனிக்கு அந்தச் சலுகையைத் தருகிறவர்கள் எங்களுக்கு மட்டும் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.

வீட்டில் அடிக்கவே கூடாதென்று நான் எங்கும் சொல்லவில்லை. கல் தெறித்த புள்ளி, பக்கக் கண்ணாடியின் மூடி, கருப்புக் கிரில், உள்பக்கம் மறையும் பாகம் போன்றவற்றைத் தாராளமாக அடியுங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள், இலவசமாகவே சொல்கிறேன். பழைய வண்டியை வைத்துக்கொண்டு கையில் காசில்லாமல் தானே அடித்துக்கொள்கிறவர்மீது எனக்கு மரியாதைதான். அவர் யாரையும் கொள்ளைக்காரன் என்று சொல்வதில்லை.

பட்டறைகளில் ஏமாற்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தகரத்தை நிமிர்த்தாமல் விரல் கனத்துக்குப் பட்டி அப்புகிறவர்களும், மலிவான பெயிண்டை அடித்துவிட்டு உயர்ந்த ரகத்துக்குப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தத் தொழிலில் இல்லை? அந்த நாலு பேருக்காக என் கூலியை நான் ஏன் குறைக்க வேண்டும்? குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, எங்களைவிட இரண்டு மடங்குக்கு அச்சடித்த பில்லை நீட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நீங்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கார்டைத் தேய்த்துவிட்டு நன்றியும் சொல்லி வருகிறீர்கள். தகரக் கொட்டகைக்குள் வந்ததும்தான் உங்களுக்குப் பெயிண்ட் லிட்டர் என்ன விலை என்ற பொருளாதாரம் நினைவுக்கு வருகிறது.

என்னை அதிகம் புண்படுத்தியது காணொளிகூட இல்லை. அதன்கீழ் ஒருவர், "சாதா கேன் வேண்டாம் ப்ரோ, பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும், 2கே கிளியர் கேன் வாங்கி அடி" என்று அறிவுரை சொல்லியிருந்தார். பெட்ரோல் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் 2கே கிளியர் என்பது இரண்டு பொருள் கலந்து இறுகும் நிறமற்ற மேல்பூச்சு; அதை இறுக வைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. சுவாசத்தைக் கெடுக்கும் அளவில் காற்றில் கலந்திருக்கும்போதுகூட மூக்குக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். மருந்துக்கடைத் துணி மாஸ்க் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடிதான் சரியான காப்பு. அந்தக் காணொளியில், மாடிக் கதவருகே ஒரு குழந்தை கேன் மூடியை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. ஹார்டனர் கலக்காத லேக்கர் பெயிண்ட் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்தவர். ஹார்டனர் கலக்கும் பெயிண்ட் வந்தபோது, அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டப்பாவில் இருந்த எச்சரிக்கை அவர் படிக்கத் தெரிந்த மொழியிலும் இல்லை. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு அடித்தார். முதலில் இரவில் இருமல், பிறகு மூச்சிரைப்பு, பிறகு மருத்துவர் கன்னைத் தொடவே கூடாது என்றார். இப்போது நாங்கள் கிளியர் அடிக்கும் நாளில் அவரால் பட்டறைத் தெருவுக்குள்ளேயே வர முடியாது. அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டு வாங்கிய கூலியைத்தான் அந்தத் தம்பி கொள்ளை என்கிறார், நீங்களும் சிரிக்கிறீர்கள்.

"நகைச்சுவைக்குச் சொன்னதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?" என்று நிச்சயம் ஒருவர் வருவார். வாருங்கள். உங்கள் தொழிலை ஒரு கேனுக்குள் அடைத்து, நீங்கள் வாங்கும் சம்பளம் திருட்டு என்று நானும் ஒரு காணொளி போடுகிறேன், சேர்ந்து சிரிப்போம்.

கடைசியாக, வருகிறவர்களுக்கு ஒரு தகவல். வீட்டில் அடித்துத் தோல் உரிந்த பாகத்தைக் கொண்டுவந்தால் வேலை செய்து தருவோம். ஆனால் பழைய பூச்சைப் பிளாஸ்டிக் வரை முழுவதுமாகத் தேய்த்து எடுக்க வேண்டியிருப்பதால், புதுப் பம்பருக்கு ஆகும் கூலியைவிட அதற்குக் கூடுதலாகும். எவ்வளவு என்பதைப் பாகத்தைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே சொல்லிவிடுவேன், பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் தேய்க்கும் உப்புத்தாளைக் கையில் எடுப்பேன்.