பிளாஷ் வெளிச்சம் பின்வரிசைக்கு எட்டாது

ஜூன் 21 இசை விழாவுக்குப் புதுச்சேரி வருகிறவர்களுக்காக ஒரு நண்பர் குறிப்பு எழுதியிருக்கிறார். ராக் இசை நிகழ்ச்சியில் ரசிகர் கூட்டத்தைப் படமெடுக்கும்போது செல்போனில் பிளாஷ் போட்டால் பின்வரிசை முகங்களும் தெளிவாக விழும் என்பது அதில் உள்ள யோசனை. பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அப்படி நடக்காது.

பிளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்; அதாவது தூரம் ஐந்து மடங்கானால் ஒளி 5 x 5 = 25இல் ஒரு பங்காகிவிடும். 2 மீட்டரில் நிற்பவர் மீது விழும் ஒளியில் 25இல் ஒரு பங்குதான் 10 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும். முன்னால் நிற்பவரின் முகம் வெளுத்துப்போகும். அவருக்குப் பின்னால் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறாரே ஒருவர், நாம் எடுக்க வந்த முகமே அதுதான், அது இருட்டில் கரைந்துவிடும்.

என் சொல்லை நம்ப வேண்டாம். இன்றிரவு மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் இருவரை நிறுத்துங்கள்: ஒருவர் மூன்றடி தூரத்தில், மற்றவர் மாடியின் மறுகோடியில். பிளாஷ் போட்டு இருவரையும் ஒரே படத்தில் எடுத்து, முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

பின்வரிசை முகங்கள் வேண்டுமென்றால் பிளாஷை அணைத்துவிட்டு, மேடை விளக்குகள் கூட்டத்தின் பக்கம் திரும்பும் நொடிக்காகக் காத்திருங்கள். பாடலின் பல்லவி மீண்டும் வரும்போது பெரும்பாலும் அது நிகழும்.