நம் போனில் இருப்பதை யார் கேட்டால் கொடுக்கலாம்?

வாட்ஸ்அப், கூகுள் போன்ற கம்பெனிகளிடம் அரசாங்கம் நம் விவரங்களைக் கேட்டு வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால், மன்னார்குடியானாலும் மாயவரமானாலும் ஒரே பதில்தான் வருகிறது: "மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?" இதை டெல்டாக்காரர்களே சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2017-ல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. கேள்வி கேட்டுத் தெருவில் உட்கார்ந்தவர்கள் தடியடி பட்டார்கள், சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். மூன்றே வருஷத்தில், 2020-ல், அதே அதிமுக ஆட்சிதான் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று சட்டம் போட்டது. அப்படியென்றால் 2017-ல் அவர்கள் மடியில் இருந்தது கனமா இல்லையா? அதை முடிவு செய்வது நாம் இல்லை, அன்றைக்கு அதிகாரத்தில் இருக்கிறவர்கள்.

மெசேஜை யாரும் படிக்க முடியாதே என்பீர்கள். சரி, வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி பூட்டித்தான் போகிறது. ஆனால் யார் எந்தக் குரூப்பில் இருக்கிறார், குரூப்பின் பெயர் என்ன என்பது கம்பெனிக்குத் தெரியும். கூகுளின் லொக்கேஷன் ஹிஸ்டரியை ஆன் செய்து வைத்திருந்தால், போன் எங்கெல்லாம் போனது என்பதும் சில வருஷம் முன்பு வரை கம்பெனியிடம் பதிவானது. ஒரு மறியலுக்கு யார் ஆள் திரட்டினார் என்று கண்டுபிடிக்க இது போதாதா?

இதைக் கேட்டு வாங்க நீதிபதியிடம் போகவே வேண்டாம் என்பதுதான் எனக்குக் கோபம். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 94-வது பிரிவில் ஒரு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே எழுதிக் கேட்கலாம். தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 69-வது பிரிவில் ஒட்டுக்கேட்கவும் பூட்டைத் திறக்கவும் உள்துறைச் செயலாளர் உத்தரவு போடுவார், அது சரியா என்று பார்க்கும் குழுவிலும் தலைமைச் செயலாளர் போன்ற அதிகாரிகள்தான். உத்தரவு போடுவதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு. 2018 டிசம்பரில் மத்திய உள்துறை 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்க மத்திய அரசுக்கு வழி வைத்திருக்கிறது!

போலீஸுக்கு எதுவுமே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லோன் ஆப்காரன் ஒரு பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி மிரட்டும்போது அந்த நம்பர் யாருடையது என்று உடனே தெரிய வேண்டும், குழந்தை காணாமல் போனால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. அவசரமென்றால் முதலில் வாங்கட்டும், அப்புறம் சில நாட்களுக்குள் நீதிபதி முன்னால் காரணத்தை வைக்கட்டும். விசாரணை முடிந்ததும், உன் விவரத்தை இன்ன காரணத்துக்காக வாங்கினோம் என்று சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிந்தால்தானே கோர்ட்டுக்குப் போக முடியும்?

இதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எம்.பி.க்களிடம் தண்ணீருக்கும் கொள்முதலுக்கும் மனு கொடுக்கப் போகும்போது இதையும் ஒரு மனுவாக எழுதிக்கொண்டு போங்கள், நானும் வருகிறேன்.