தராத தண்ணீரும் வராத தண்ணீரும்

அக்கா மகள் டிகிரியில் மேஜர் பொருளாதாரம், மைனர் அரசியல் தொடர்பியல் (கட்சிகளும் பத்திரிகைகளும் ஜனங்களிடம் எப்படிப் பேசுகின்றன என்ற படிப்பு) என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் அச்சகம் வைத்து இருபது வருடமாக எல்லாக் கட்சிக்கும் நோட்டீஸ் அடிக்கிறவன் நான். பிள்ளையைக் கெடுத்ததும் நான்தானாம். "மைக்குல பேசறதுக்கெல்லாம் ஒரு படிப்பா தம்பி?" என்றாள் அக்கா. அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கேரளத்தில் 2024-லிருந்து நாலு வருட டிகிரி வந்துவிட்டது. வேண்டுமென்றால் மூன்று வருடம் முடித்து 133 கிரெடிட்டோடு வெளியே வரலாம். அதில் மைனர் என்பது ஓரமாக ஒட்டியிருக்கும் சின்னப் பங்கு. சோறு போடுமா என்ற கேள்விக்கு மேஜர் பதில் சொல்லட்டும், விடுங்கள்.

முதல் அசைன்மென்டே என் கடையில் வந்து நின்றது. ஒரே கட்சியின் மலையாள நோட்டீஸையும் தமிழ் நோட்டீஸையும் ஒப்பிட வேண்டுமாம். என்னிடம் எல்லாம் இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் இருந்தே ஆகவேண்டும். அடிக்கக் கொடுப்பவரிடம் உறுதிமொழி எழுதி வாங்கி, அவரைத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்தோடு அதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. ஆக, பயத்தில் சேர்ந்த கட்டுகள் அவை.

தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தாள். அப்புறம், "மாமா, இத நீங்கதான கம்போஸ் பண்ணீங்க?" என்றாள். பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து நமக்கு வர வேண்டும். எல்லாத் தேர்தலிலும் இது வரும். மலையாள நோட்டீஸில் 'தமிழ்நாடு தராத தண்ணீர்' என்ற பொருளில் கொட்டை எழுத்து. தமிழ் நோட்டீஸில் அதே இடத்தில், அதே அளவில், 'வராத தண்ணீர்'.

தராத, வராத. தமிழ் நோட்டீஸில் தமிழ்நாடே இல்லை. பொள்ளாச்சியில் பெண் கொடுத்து பெண் எடுத்தவர்களிடம் ஓட்டுக் கேட்கும்போது யார் தரவில்லை என்று எப்படிச் சொல்வது? எழுதிக்கொண்டு வந்தவர் நாலாம் கிளாஸ் தாண்டாத கட்சிக்காரர். ஒரே விஷயத்தை ஆளுக்குத் தகுந்த கோணத்தில் காட்டும் இதற்கு அவள் பாடத்தில் ஃபிரேமிங் என்று பேராம். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்து 5000 காப்பி அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: 2021-ல் தேவிகுளம் எம்எல்ஏ ஆ. ராஜா சட்டசபையில் தமிழில் பதவியேற்றார். கடவுள் பேரால் என்றோ உளமார என்றோ இருக்க வேண்டிய இடம் மொழிபெயர்த்த தாளில் விட்டுப்போயிருந்தது. இரண்டாம் முறை பதவியேற்க வேண்டியதாயிற்று. ப்ரூஃப் பார்க்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

பாடத்திட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் அமெரிக்கா. மெக்கோம்ப்ஸ், ஷா என்று இரண்டு பேர் 1968 தேர்தலில் சேப்பல் ஹில் என்ற ஊரில் முடிவெடுக்காத 100 வாக்காளர்களைக் கேட்டு, பத்திரிகை எதைப் பெரிதாக்குகிறதோ அதையே ஜனங்களும் பெரிதாக நினைக்கிறார்கள் என்று கண்டார்களாம். நல்ல ஆய்வுதான். ஆனால் இங்கே டீக்கடை பெஞ்சில் கோவைப் பதிப்பு தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 ஓட்டு, நமக்கு 26. 17-ஆம் தேதி சாயங்காலம் எல்லையிலிருக்கும் வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் மைக் அடங்கியது. இந்தப் பக்கம் 24-ஆம் தேதி கொட்டிக்கலாசம் என்ற கடைசிநாள் பிரசார ஆரவாரம் வரை காது கிழிந்தது. நாள் முழுக்கத் தமிழ் சேனல் பார்க்கும் எதிர்வீட்டுப் பாட்டி 20-ஆம் தேதி என் கையில் பூத் சிலிப்பைப் பார்த்துவிட்டு, "ஓட்டு நேத்தே முடிஞ்சுபோச்சே, இது எதுக்கு?" என்று கேட்டார். கோவையில் யார் நிற்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்தது. நம் ஸ்தானார்த்தி, அதாவது வேட்பாளர், பேர் தெரியவில்லை. அந்த 100 பேரில் இப்படி ஒரு பாட்டி இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அதை எழுத இந்த ஊர்ப் பிள்ளைகள்தான் வரவேண்டும். பாலக்காட்டுச் சித்தூரிலும் மூணாறிலும் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, மலையாளமும் பேசுகிற பிள்ளைகள்.

ஐடி விங்குக்கு ஆள் தயார் செய்யும் படிப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஒருத்தர் ஏற்கெனவே கடைக்கு வந்து, "பொண்ணு ரீல்ஸ் போட்டுக் குடுக்குமா?" என்று கேட்டுவிட்டார். போன தேர்தல் நோட்டீஸ் பாக்கியை முதலில் கொடுங்கள் என்றேன். தோற்ற கட்சிக்காரரிடம் பாக்கி வசூலிப்பதற்கும் ஒரு பேப்பர் வைத்தால் தேவலை.

அடுத்த வாரம் அந்த உறுதிமொழித் தாள்களைப் பார்க்க வருகிறாளாம். மேல் பரணில் இருக்கின்றன. ஏணி வாங்க வேண்டும்.