இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள்

ஆஸ்திரேலியாவின் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோட்டுக்கு மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் டூர் பஸ்ஸில் போய் வருவது வீண் என்று சிலர் சொல்கிறார்கள், பாதி உண்மைதான், ஆனால் அங்கே கார் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கும் வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கும் வேறு என்ன வழி? சாலை தொடங்கும் டோர்க்கி ஊரிலிருந்து மேற்கே போகும்போது கடல் இடது பக்கம் வரும், அந்த ஜன்னல் சீட்டை விடாதீர்கள்.

கடலில் தூண்கள் போல நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளில் ஒரே செல்ஃபிக் கூட்டம் (பேருக்குத்தான் பன்னிரண்டு, 2005இல்கூட ஒன்று சரிந்து விழுந்தது). எனக்கென்னவோ பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் லாக் ஆர்ட் கார்ஜ்தான் பிடித்தது. 1878இல் அங்கே மூழ்கிய லாக் ஆர்ட் கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். டாம் பியர்ஸ் என்ற இளைஞர் கரையேறிய பிறகும், அலறல் கேட்டுத் திரும்ப நீந்திப் போய் ஈவா கார்மைக்கேல் என்ற பயணியை இழுத்து வந்து, கரை ஒதுங்கிய பிராந்தியைக் கொடுத்துக் காப்பாற்றினார். எங்கள் கைடு இந்தக் கதையை அவ்வளவு உருக்கமாகச் சொல்லிவிட்டு, படியிறங்கிப் பார்க்க நேரமே தரவில்லை, சரியான கடுப்பு!

பணம் கட்டும் முன் எங்கெங்கே எத்தனை நிமிடம் நிறுத்துவார்கள் என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், தொப்பியை நம்பாதீர்கள், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.