கொலைகாரன் பேரைச் சொல்றது சிபாரிசு இல்லைங்க

நேத்து நம்ம புதுச்சேரி வாசிப்பு வட்டத்துல நடந்ததைப் பார்த்திருப்பீங்க. ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டியோட புத்தகங்கள்ல எதுல தொடங்கலாம்னு ஒரு காலேஜ் பொண்ணு ஆசையா கேட்டுச்சு. மூத்த வாசகர் ஒருத்தர் 1926-ல வந்த நாவலைச் சொல்லி, அடுத்த வரியிலேயே கொலைகாரன் யாருங்கிறதையும் போட்டு உடைச்சிட்டார். கேட்டா, "நூறு வருஷத்துப் புத்தகம்தானே"ன்னு பதில். அந்தப் பொண்ணு இன்னும் படிக்கலையே சார்! படிக்காதவங்களுக்கு அது இன்னைக்கு வந்த புத்தகம்தான்.

துப்பறியும் நாவல்ல தடயத்தை ஒளிச்சு வைக்கிறதுதான் எழுத்தாளரோட உழைப்பு. மேஜை மேல இருந்த நாலு பொருளைச் சொல்லும்போது முக்கியமானதை மூணாவதா நைசா சொல்லி, உடனே மாடியில யாரோ அலறுற மாதிரி எழுதுவாங்க. நம்ம கவனம் அலறல் பின்னாடி ஓடிடும். முடிவு தெரிஞ்சவங்களுக்குக் கண்ணு நேரா அந்த மூணாவது பொருள்ல போய் நிக்கும். முதல் வாசிப்பு ஒருத்தருக்கு ஒரே ஒரு தடவைதான். அதைப் பறிச்சிட்டா திருப்பிக் குடுக்க முடியாது.

"முடிவைச் சொல்லல, பெரிய ட்விஸ்ட் இருக்குன்னுதான் சொன்னேன்" என்பவர்களுக்கும் சேர்த்துத்தான். அதுவும் பாதி முடிவு. முக்கால்வாசிக் கதையில ஒருத்தன் கைதானா, "இவன் இல்ல"ன்னு வாசகர் அப்பவே ஒதுக்கிடுவார். "இன்ன படம் மாதிரியே இருக்கும்"னு சொல்றது அதைவிட மோசம், படம் பார்த்தவருக்கு எல்லாமே விளங்கிடும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல வாங்குற பழைய நாவல்கள்ல இன்னொரு கொடுமை: ஒரு பாத்திரம் அறிமுகமாகுற பக்கத்துலயே நீல மையில வட்டம் போட்டு 'இவன்தான்'னு எழுதியிருக்கும்.

எப்படிச் சொல்லணும்? முதல்ல கேளுங்க: யார் செஞ்சதுன்னு யோசிக்கப் பிடிக்குமா, துரத்தல் வேணுமா, போலீஸ் விசாரணை வேணுமா? எத்தனை பக்கம் தாங்குவாங்க? குழந்தைக்கு ஆபத்து, கோரமான ரத்தம் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, அது முடிவைக் கெடுக்காது. வரிசை நாவலா இருந்தா எதை முதல்ல எடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. 1975-ல வந்த 'கர்ட்டன்' கிறிஸ்டியோட துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோவோட கடைசி வழக்கு, அதைத் தொடக்கத்துல கையில குடுக்காதீங்க. கதையில கால்வாசியைத் தாண்டாதீங்க. கிறிஸ்டியோட 1939 நாவல் 'அண்ட் தென் தேர் வேர் நன்'னுக்கு, "பத்துப் பேர், ஒரு தீவு, கரைக்குத் திரும்பப் படகு இல்ல" போதும். பின்னட்டையை அப்படியே எடுத்துப் போடுறதும் வேண்டாம், ரெண்டாவது கொலையையே அதுல சொல்லிடுறாங்க.

"குற்றவாளியை முதல்லயே காட்டுற நாவல்களும் இருக்கே" என்பார்கள். இருக்கு. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-லயே அப்படிச் சிறுகதைத் தொகுப்பு போட்டார். அங்கே சொல்லலாம்னு முடிவு பண்ணினது எழுதினவர். நீங்க இல்ல. லண்டன்ல 1952-ல தொடங்கின கிறிஸ்டியோட 'தி மவுஸ்ட்ராப்' நாடகத்துல, முடிவை வெளியே சொல்லாதீங்கன்னு ஒவ்வொரு காட்சி முடிஞ்சதும் பார்வையாளர்கள்கிட்ட கேட்டுக்கிறாங்க. இத்தனை வருஷமா ஜனங்களும் பெரும்பாலும் காப்பாத்துறாங்க. நம்மால ஒரு குழுவுல முடியலையா?

"டைம்பாஸ் நாவலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். அதுதான் ரொம்ப வலிச்சது. பிரச்சனையோட வேரே இங்கதான் இருக்கு. மட்டமான சரக்குன்னு முடிவு பண்ணிட்டதாலதான் முடிவை அள்ளி வீச மனசு வருது. கடலூர் பஸ் ஸ்டாண்டு கடையில தொங்கின ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா நாவல்களை வாங்கி, புதுச்சேரி போய்ச் சேர்றதுக்குள்ள பாதியை முடிச்சவங்க எத்தனை பேர்! இன்னைக்குத் தடித்தடியா இலக்கியம் படிக்கிற பலருக்கும் பக்கம் புரட்டுற பழக்கம் வந்தது அங்கிருந்துதான். அவங்களே இப்போ அந்த நாவல்களைக் கேவலமா பேசுறதைத் தாங்க முடியல.

கொலைகாரன் பேரைப் போட்டு உடைச்ச அந்தக் கமெண்டை நீக்கச் சொல்லி அட்மின்கிட்ட கேட்டிருக்கேன். இன்னும் அங்கேயேதான் இருக்கு.